எண்ணாமல் மூடிய எஞ்சின்

"இனிமே இந்தக் காரை வேற எவனும் தொடக் கூடாது. நானே பிரிக்கிறேன், நானே மாட்டறேன்!"

வியாழக்கிழமை சாயங்காலம், கையில் காபியோடு நடு ஹாலில் நின்று திருத்தம் இந்தச் சபதத்தைப் போட்டார். போட்ட வேகத்தில் பாதிக் காபியைச் சட்டையிலும் போட்டுக்கொண்டார்.

திருத்தம் என்பது அவர் பெயர் இல்லை, தெரு வைத்த பட்டம். அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவர். சிவப்புப் பேனா இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். கல்யாணப் பத்திரிகை நீட்டினால் வாழ்த்துவதற்கு முன்னால் ஒற்றுப்பிழையைச் சுழிப்பார். "பூட்டை தொடாதே" என்று கேட்டில் எழுதி வைத்த வீட்டுக்குள்ளே போய், "நடுவுல ஒரு 'த்' வேணுங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படும். தன் பிழை? அப்படி ஒன்று இருந்தால்தானே படுவதற்கு! "தப்பு என் மேலதான்" என்ற மூன்று வார்த்தைகளை அவர் அச்சில் பார்த்திருக்கிறார், திருத்திக்கூட இருக்கிறார். வாயால் சொன்னது மட்டும் கிடையாது.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கே அந்த அம்மாளுக்கு முக்கியமான வேலை எண்ணுவது. டாக்டர் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் கத்தரி எத்தனை, ஊசி எத்தனை, ரத்தம் ஒற்றிய துணி எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை உதைத்தால் எப்பேர்ப்பட்ட டாக்டரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஸ்பூனை எண்ணுவாள், கொடியில் காயும் காலுறையை எண்ணுவாள். "ஒத்தைக் காலுறை எங்கே?" என்று கேட்டால் திருத்தம் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தே ஆக வேண்டும்.

சபதத்துக்குக் காரணம் சிஸ்டரின் அண்ணன். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மனுஷன். திருத்தத்துக்கு மச்சான்.

வீட்டுக் கார் பதினாலு வருஷத்துக் கிழம். ஒரு வருஷமாக அதை ஸ்டார்ட் செய்தால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. இதை யாரும் விரும்ப மாட்டார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? திருத்தம் விரும்பினார். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அவர் காரில் வைத்துத்தான் முணுமுணுப்பார். "உங்கண்ணன் பெரிய இவன்" என்பார். "என்னங்க சொன்னீங்க?" என்று சிஸ்டர் கத்துவாள். "சிக்னல் விழுந்துடுச்சுன்னேன்!" என்று இவர் கத்துவார். சத்தம் மாசாமாசம் கூடியது. அதற்கேற்ப இவருடைய முணுமுணுப்பும் கூடிக்கொண்டே வந்தது. அது அவருக்கே தெரியாது.

அன்றைக்கு மச்சான் வந்தவர் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"டைமிங் செயின் தொங்கிப்போச்சு மாப்பிள்ளை."

"அப்படின்னா?"

"எஞ்சினுக்குள்ள மேல ஒரு தண்டு, கீழ ஒரு தண்டு. ரெண்டும் தாளம் தப்பாம சுத்தணும். அதுக்கு சைக்கிள் செயின் மாதிரி ஒண்ணு இருக்கு. அது ஒரு பல்லு தாண்டிச்சுன்னா வச்சுக்குங்க, வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். எஞ்சின் அவ்வளவுதான், பழைய இரும்பு. திங்கக்கிழமை ஒர்க்‌ஷாப்ல கொண்டு விடுங்க."

"ஏன், நானே மாத்தினா என்ன? ரிப்பேர் புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கானே."

மச்சான் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"இது கமா வைக்கிற வேலை இல்ல மாப்பிள்ளை."

திருத்தத்துக்குச் சுர்ரென்று ஏறியது. காபியும் சபதமும் அப்போது கொட்டியவைதான். மச்சானும் விடவில்லை.

"சரி, பந்தயம். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குக் கயித்தோட வரேன். வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா கட்டி இழுத்துக்கிட்டுப் போவேன். தெருவே பார்க்கட்டும். அதோட நீங்க வாசல்ல நின்னு, 'தப்பு என் மேலதான் மச்சான்'னு ஒரே ஒரு தடவை சொல்லணும்."

"ஸ்டார்ட் ஆயிட்டா?"

"கயித்தைச் சுருட்டிக்கிட்டு வாயைத் திறக்காம போயிடறேன்."

"ஒத்துக்கிட்டேன்!" என்றார் திருத்தம். அதற்குப் பிறகுதான் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் திருத்தியிருப்பார்.

"திங்கக்கிழமை காலைல அஞ்சரைக்கு நான் டூட்டியில இருக்கணும்" என்றாள் அவள். "இந்த வண்டியிலதான் போகணும். நடு ரோட்டுல நின்னா என்னங்க பண்றது?"

"நிக்காது. நான் பண்ணினா நிக்குமா?"

"அப்ப ஒரே ஒரு நிபந்தனை. மூடறதுக்கு முன்னாடி நான் எண்ணுவேன்."

"எஞ்சின் என்ன வயிறா?"

"திறக்கிறீங்க, உள்ள கையை விடறீங்க, மூடறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சரி, போகட்டும் என்று ஒத்துக்கொண்டார். சிஸ்டர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பட்டியல் போட்டாள். போல்ட், நட்டு, ஸ்பேனர், பின், துணி என்று தலைப்புகள். திருத்தம் அதை வாங்கிப் பார்த்தார். பார்த்தால் கை சும்மா இருக்குமா?

"துணியா? துணியை எல்லாமா எண்ணுவாங்க? மச்சான் கேட்டா சிரிப்பார். எண்ணறதுன்னா இரும்புச் சாமானை எண்ணு."

"எங்க தியேட்டர்ல முதல்ல துணியைத்தான்..."

"இது உங்க தியேட்டர் இல்ல, என் ஷெட்டு!"

சிவப்புப் பேனாவை எடுத்து, 'துணி' என்ற வார்த்தையை ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சிஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்தால் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையே, என்ன செய்ய!

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். பாட்டரி வயரைக் கழற்றி, ஆயிலை வடித்து, பெல்ட்டை உருவினார். அதுவரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே வேலை நடந்தது. பிறகு எஞ்சின் முன்பக்கத்துப் பெல்ட் சக்கரமான புல்லியின் நடு போல்ட் வந்தது. சீட்டி நின்றது.

அது அசையவில்லை. ஸ்பேனரைப் பிடித்து இழுத்தார். தொங்கினார். ஏறி நின்றார். அதனிடம், "தயவுசெய்து" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரர், ரிடையரான தீயணைப்பு வண்டி டிரைவர். தெருவுக்கு ஃபயர்காரர்.

"என்னங்க, மூச்சு வாங்குறது எங்க வீடு வரைக்கும் கேக்குது?"

"போல்ட்டுங்க. பிடிவாதம் பிடிக்குது."

"பைப் வேணுமா? ஆறடி இருக்கு. ஸ்பேனர்ல மாட்டி இழுங்க, சொன்னபடி கேக்கும்."

பைப்போடு ஒரு வாளி மணலையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மணல் எதுக்குங்க?"

"நீங்க ஸ்டார்ட் பண்ணும்போது நான் பக்கத்துல நிக்கறேன். ஒரு பழக்கம்தான், தப்பா எடுத்துக்காதீங்க."

பைப் மாட்டியதும் போல்ட் 'கிறீச்' என்று ஒரு கத்து கத்திவிட்டு வந்தது. புல்லி வந்தது. கடைசியில் முன்பக்கத்துக் கவரும் வந்தது. உள்ளே, கறுத்துப்போன செயின் தொய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் சொன்னது சரிதான் என்பது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

கீழே பார்த்தால் ஆயில் தொட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஒரு போல்ட் கை தவறினால் நேராக அதற்குள்தான் போகும். அதை அடைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியது.

"ஒரு பழந்துணி குடேன்!"

சிஸ்டர் அவருடைய பழைய பனியன் ஒன்றைக் கொண்டு வந்து, அங்கேயே நின்று டர் டர்ரென்று கிழித்து, ஐந்து துண்டாகக் கையில் கொடுத்தாள். ஐந்தையும் தொட்டி வாயில் திணித்தார். கழற்றிய சாமானையெல்லாம் அவள் விரித்த வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைத்தார். பக்கத்திலேயே அவள் பட்டியலோடு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஷெட் பாதி ஆபரேஷன் தியேட்டர் ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் புது செயின், செயின் உரசி ஓடும் கட்டைகள், பல்சக்கரங்கள், எல்லாம் ஏறின. செயினில் மூன்று கண்ணிகளுக்கு மட்டும் வண்ணம் பூசியிருக்கும். அந்தக் கண்ணிகள் பல்சக்கரத்துப் புள்ளிகளுக்கு நேராக உட்கார வேண்டும். உட்கார்ந்தன. திருத்தத்துக்கு ஒரே பெருமிதம். ஸ்பேனரால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றிச் சரிபார்த்தார். அடக் கடவுளே! வண்ணக் கண்ணிகள் எங்கேயோ போய் நின்றன.

"போச்சு! செயின் தாண்டிடுச்சு! எல்லாம் போச்சு!"

சிஸ்டர் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினாள்.

"வண்ணம் மாட்டறப்ப பார்த்துக்கறதுக்கு மட்டும்தானாங்க. சுத்தினா தள்ளிப்போகுமாம். பல்சக்கரத்துப் புள்ளி நேரா வந்தா போதுமாம்."

"எங்க போட்டிருக்கு? நான் வரி விடாம படிச்சேனே!"

"அடிக்குறிப்புல."

புள்ளிகள் நேராகத்தான் நின்றன. பிழை திருத்துகிறவர் அடிக்குறிப்பை விட்டுவிட்டார் என்பதை அவர் அதற்குமேல் விசாரிக்க விரும்பவில்லை.

இதில் ஒரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் என்ற சாமான், கடையிலிருந்து வரும்போது ஒரு சின்னக் கம்பிப் பின் சொருகி, அமுங்கின நிலையில்தான் வரும். மாட்டின பிறகு பின்னை உருவினால் அது நீண்டு செயினை இறுக்கிப் பிடிக்கும். உருவ மறந்தால் செயின் தொளதொளவென்று ஓடிப் பல் தாண்டும். அப்புறம் மச்சான் சொன்ன பழைய இரும்புதான்.

திருத்தம் டென்ஷனரில் கை வைத்திருந்த நேரத்தில்தான் மச்சான் போன் பண்ணினார்.

"கயிறு எத்தனை அடி கொண்டு வரட்டும் மாப்பிள்ளை?"

"ஒரு அடி போதும். நீங்க தூக்கு மாட்டிக்க."

"அதுக்கு ஒரு அடி பத்தாதே!"

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வாய் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் பத்து நிமிஷம் சண்டை போட்டார். போனை வைத்தபோது கோபம் தலைக்கு மேல் இருந்தது. அந்த வேகத்தில் துணிகளைப் பிடுங்கிப் போட்டார், ஓரத்தில் பசையைப் பிதுக்கினார், கவரை வைத்தார், போல்ட்டுகளை முறுக்கினார், புல்லியையும் ஏற்றி இறுக்கினார். சிஸ்டர் சமையலறையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மூடிட்டீங்களா? எண்ணாமயா?"

"எல்லாம் சரியா இருக்கு. பசை ராத்திரி பூரா காயணும். காலைல ஆயில் ஊத்தி ஒரு ஸ்டார்ட்டு. உங்கண்ணன் மூஞ்சியைப் பார்க்கணுமே!"

"கையைக் கழுவிட்டு வாங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி எண்ணிடலாம்."

அவர் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தார். சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டியலை வாசித்தாள். பழைய செயின் ஒன்று. சரி. பழைய கட்டைகள் இரண்டு. சரி. ஸ்பேனர் ஒன்பது. சரி.

"டென்ஷனர் பின் ஒண்ணு."

திருத்தம் வெள்ளைத் துணியைப் பார்த்தார். துணிக்கு அடியில் பார்த்தார். கார் அடியில் பார்த்தார். சட்டைப் பையில் பார்த்தார். பின் இல்லை.

"இருக்கும்... இங்கதான் இருக்கும்."

"உருவினீங்கல்ல?"

"உருவாம இருப்பேனா?"

உருவினாரா? அந்த நேரத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தார். மச்சான் குரல் ஞாபகம் இருந்தது. கயிறு ஞாபகம் இருந்தது. தான் சொன்ன பதில் எவ்வளவு கூர்மையானது என்பதும் ஞாபகம் இருந்தது. பின்னை உருவினது மட்டும் ஞாபகம் இல்லை.

"நீங்க தேடிக்கிட்டு இருங்க. நான் சாப்பாட்டை எடுத்து வைக்கிறேன்" என்று சிஸ்டர் உள்ளே போனாள்.

இந்த இடத்தில் மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? "தப்பு நடந்திருக்கும்போல, திறந்து பார்த்துடறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். திருத்தம் என்ன செய்தார் தெரியுமா? மேஜை மேல் கிடந்த அச்சகத்துத் தாள்களிலிருந்து ஒரு கிளிப்பை உருவினார், குறட்டால் நிமிர்த்தினார், நுனியை வளைத்தார், கொஞ்சம் ஆயிலைத் தடவி வெள்ளைத் துணியில் வைத்தார். இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்தினவர் பிழையைத் தன் கையால் உற்பத்தி செய்தார்.

"இதோ, கிடைச்சுடுச்சு!"

சிஸ்டர் வந்து பார்த்தாள். குனிந்து நன்றாகவே பார்த்தாள்.

"ஆமா. பின் ஒண்ணு. கணக்குச் சரி" என்று பட்டியலில் குறித்துவிட்டாள்.

அவ்வளவுதான்! அவள் கண்டுபிடித்துத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நம்பிவிட்டாளே! இனி இதைத் தடுக்க யாருமே இல்லை. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"எங்கூட வேலை பார்க்கிற சிஸ்டர் வீட்டுக்குப் போய்ட்டு ஆறு மணிக்கு வரேங்க" என்று அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை வரை போனபிறகு போன் பண்ணினாள். "கார் சாவி என் பையிலேயே வந்துடுச்சுங்க. பரவாயில்லதானே?"

"பரவாயில்ல, பரவாயில்ல! மெதுவா வா!"

போனை வைத்த அடுத்த நொடி பைப்பை எடுத்தார்.

முதல் தடவை ஒரு நாள் முழுக்கப் பிடித்த வேலை, இந்தத் தடவை ஒன்றரை மணி நேரத்தில் கவர் கையில் வந்தது. பயம் வந்தால் மனுஷனுக்கு எத்தனை கை முளைக்கிறது! மதில் மேல் ஃபயர்காரர் தலை வந்தது.

"இப்பத்தானே மூடினீங்க?"

"உஷ்! சும்மா... ஒரு மறுபார்வை."

"வாளி கொண்டாரட்டுமா?"

"வேண்டாங்க, நீங்க போங்களேன்!"

டார்ச்சை அடித்து டென்ஷனரைப் பார்த்தார். பின் இல்லை. துவாரம் காலி. டென்ஷனர் முழுசாக நீண்டு, செயின் விறைப்பாக நின்றது. விரலால் அழுத்தினார், அசையவில்லை. அப்பாடா! உருவித்தான் இருக்கிறார். பெருமூச்சு விட்டு, 'நான் பண்ணினா தப்பாகுமா' என்று நினைத்துக்கொண்டே டார்ச்சைத் தாழ்த்தினார்.

ஆயில் தொட்டிக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு நுனி அவரை எட்டிப் பார்த்தது.

இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவருடைய சொந்தப் பனியன். முதுகுப் பக்கத்துத் துண்டு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தொட்டிக்குள் ஆயிலை உறிஞ்சுகிற குழாய் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகியிருக்கும், மச்சான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார், இவர் மீசையை முறுக்கியிருப்பார். அதற்கப்புறம் துணி மெல்ல நகர்ந்து குழாய் வாயில் போய் அடைத்திருக்கும். சொட்டு ஆயில் இல்லாமல் எஞ்சின் இறுகி, திங்கட்கிழமை விடிகிற நேரத்தில், லாரிகள் பறக்கிற ரோட்டு நடுவே அவள் தனியாக நின்றிருப்பாள். அதை நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. பனியன் துண்டாலேயே துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் ஆயில் ஆனது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பின் தொலைந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! தொலைந்த பின்னுக்கு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

இப்போது எண்ணினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. துணியையும் சேர்த்து எண்ணினார். பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, மிச்சமிருந்த பசையைப் பிதுக்கி, கவரை மூடி, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்தார். ஐந்தாவது துண்டைக் கால்சட்டைப் பையில் அமுக்கினார். கால்சட்டையை அழுக்குக் கூடையின் அடியில் அமுக்கினார். யாருக்கும் தெரியாது. பயம் போன இடத்தில் பழைய மிடுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆறு மணிக்கு சிஸ்டர் வந்து கவரின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மத்தியானம் போட்ட பசை இன்னும் ஈரமாவே இருக்கே?"

"உயர்ந்த ரகம். மெதுவாத்தான் காயும்."

"ஓஹோ" என்றாள் சிஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. மச்சான் தோளில் கயிறோடு வந்தார். ஃபயர்காரர் வாளியோடு வந்தார். ஆயில் ஊற்றியாயிற்று, பாட்டரி வயர் மாட்டியாயிற்று. சிஸ்டர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். திருத்தம் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

எஞ்சின் ஒரு தடவை தும்மியது. பிறகு ஓடியது. ஆணி இல்லை, டப்பா இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று ஃபயர்காரர் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். "ஓடுதுங்க!" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு வாளியைக் கீழே வைத்தார்.

மச்சான் நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தார்.

"சுத்தமா இருக்கு மாப்பிள்ளை. எங்க பசங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா, தொட்டி வாய்ல துணி அடைச்சீங்கல்ல? எடுத்துட்டீங்கல்ல? நிறையப் பேரு அங்கதான் கோட்டை விடுவாங்க."

திருத்தம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"அஞ்சு வச்சாரு, அஞ்சும் வந்துடுச்சு அண்ணா" என்றாள் சிஸ்டர். "நான் எண்ணிட்டேன்."

"அப்பச் சரி. நான் தோத்துட்டேன். சொன்ன மாதிரி வாயைத் திறக்காம போறேன்" என்று மச்சான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். ஃபயர்காரரும் வாளியோடு பின்னால் போனார்.

திருத்தம் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தார். அஞ்சா? இவளுக்கு எப்படி அஞ்சு?

சிஸ்டர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியில் கைப்பையைத் திறந்தாள். துவைத்துக் காயவைத்து நாலாக மடித்த பனியன் துண்டு ஒன்றை எடுத்து அவர் தொடையில் வைத்தாள். அதன் மேல் ஒரு சின்னக் கம்பிப் பின்னை வைத்தாள். அசல் பின்.

"கூடையில போடறதுக்கு முன்னாடி பையைப் பார்த்துப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றாள் காதருகே, தியேட்டரில் பேசுகிற தணிந்த குரலில்.

"இந்தப் பின்னு... உங்கிட்டயா..."

"நீங்க கை கழுவப் போனப்ப எடுத்து வச்சுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"வெளிய துணி நாலுதான் கிடந்தது."

அவர் பனியன் துண்டையும் பின்னையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் ஈனஸ்வரத்தில் வந்தது.

"அதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா திறந்திருப்பீங்களா?"

யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். இருபத்தொரு போல்ட்டை முறுக்கி, பசை பிதுக்கி, பைப்பைப் போட்டு இறுக்கின பிறகு, ஒரு துணித் துண்டுக்காகத் திறந்திருப்பாரா? "எண்ணத் தெரியலை உனக்கு" என்றல்லவா சொல்லியிருப்பார்!

"துணியை எண்ணக் கூடாதுன்னு அடிச்சுக் கையெழுத்துப் போட்டது யாரு? அதான், எண்ணலாம்னு நீங்க ஒத்துக்கிட்ட சாமான்ல ஒண்ணைக் காணாம பண்ணினேன். பின்னு உள்ள இருக்குன்னு நினைச்சா நீங்களே திறப்பீங்கன்னு தெரியும்."

"அந்தக் கிளிப்பு..."

"நல்லாத்தான் வளைச்சிருந்தீங்க."

"நான் பாட்டுக்குத் திறக்காம காலைல ஸ்டார்ட் பண்ணியிருந்தா?"

"சாவி எங்கிட்டதானே இருந்தது."

திருத்தத்துக்கு வெட்கம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிசாக ஒரு நிம்மதி இன்னொரு பக்கம். வண்டி பிழைத்தது. அவள் நடு ரோட்டில் நிற்கப் போவதில்லை. மச்சானிடம் மானம் பிழைத்தது, சொல்ல வேண்டிய மூன்று வார்த்தைகளைச் சொல்லாமலே பிழைத்தது. நெஞ்சு நிறைந்து போனது. அப்படி நிறைந்த வேகத்தில், இத்தனை வருஷமாக உள்ளே அடைத்துக் கிடந்த ஒன்று தானாக மேலே வந்தது. வரட்டுமே, இங்கே காருக்குள் யாருக்குக் கேட்கப் போகிறது என்று நினைத்தார். ஒரு வருஷமாக இந்த சீட்டில் உட்கார்ந்து எந்த அளவுக்கு முணுமுணுத்தாரோ, அதே அளவுக்கு முணுமுணுத்தார்.

"தப்பு என் மேலதான்!"

சுற்றிலும் அவ்வளவு அமைதி. புது செயின் இம்மிச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"கேட்டுதுங்க" என்றாள் சிஸ்டர்.

"எங்களுக்கும்" என்றார் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபயர்காரர்.

கேட்டுக்கு வெளியே, தோளில் கயிறோடு தெருவில் நின்றுவிட்ட மச்சான் திரும்பிப் பார்த்தார்.

"'மச்சான்'னு ஒண்ணு விட்டுப்போச்சு, மாப்பிள்ளை!"